கட்டடக் கழிவுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய வீட்டின் அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளை உடைத்துக் குழியில் புதைக்கலாமா? (ஏறாவூர்)

உடைக்கவே கூடாது. நீர் தெளித்து நன்றாக நனைத்து, ஆணிகளைக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்கித் தடித்த பொலித்தீனில் சுற்றி வையுங்கள். உடையும்போது பறக்கும் நார்த்தூசியால் வரும் நோய் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். எங்கே ஒப்படைப்பது என்பதை, கூரையில் ஏறுவதற்கு முன்பே உங்கள் நகர சபையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் கழிவு நிறையக் கிடக்கிறது. என்ன செய்வது? (கல்முனை)

என்ன கழிவு, எவ்வளவு என்று எழுதாமல் கேட்டால் எதைச் சொல்வது? தரம் பிரியுங்கள், பிறகு எழுதுங்கள்.

இடித்த சுவரின் கல்லையும் சாந்தையும் கொட்டி, வாவிக்கரையில் உள்ள எங்கள் வளவைப் பத்தடி நீட்டலாமா? ஒப்பந்தகாரர் இலவசமாகவே கொட்டித் தருவதாகச் சொல்கிறார். (மட்டக்களப்பு)

இந்தக் கேள்வி எந்த மாதமும் வராமல் இருந்ததில்லை. ஒப்பந்தகாரருக்கு அது இலவசமல்ல, இலாபம். லொறிக் கூலியும் கொட்டுமிடத் தேடலும் அவருக்கு மிச்சமாகின்றன, வழக்கு வந்தால் நிற்பவர் நீங்கள். உங்கள் காணி உறுதியில் இல்லாத பத்தடி உங்களுடையது ஆகாது. கரையோர வலயத்தில் நிலம் நிரப்புவதற்கு 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதிப் பத்திரம் வேண்டும். சட்டத்தை விடுங்கள். மாரியில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து இறங்கும் வெள்ளம் வாவியில் தங்கித்தான் முகத்துவாரம் வழியே கடலுக்குப் போகிறது. ஆளுக்குப் பத்தடி நிரப்பினால் அந்த நீர் உங்கள் அயலவரின் முற்றத்தில்தான் இடம் தேடும். இறாலும் மீன்குஞ்சும் வளரும் கண்டல் வேர்களும் அந்தக் குவியலின் கீழ்தான் புதைகின்றன. பலகை, பொலித்தீன், கம்பி ஆகியவற்றைத் தரம் பிரித்து எடுத்துவிட்டு, எஞ்சும் கல்லையும் கொங்கிறீற்றையும் உங்கள் புதிய தளத்தின் கீழேயே நிரப்பி இடித்து இறுக்குங்கள்.

கட்டியாகிவிட்ட சீமெந்தைத் தூளாக்கிப் பாவிக்கலாமா? (காத்தான்குடி)

கூடாது. இறுகியது இறுகியதுதான். கட்டியாகவே நிரப்பலுக்குப் போடுங்கள். அடுத்த முறை தேவைக்கு மட்டும் வாங்கி, நிலத்தில் படாமல் பலகைமேல் அடுக்குங்கள்.

மிஞ்சிய தின்னரை மணலில் ஊற்றினால் உறிஞ்சிவிடும்தானே? (அக்கரைப்பற்று)

உறிஞ்சும், பிறகு உங்கள் கிணற்றுக்கே வரும். நமது கரையோர மணலில் நிலத்தடி நீர் சில அடி ஆழத்திலேயே இருக்கிறது. மூடி இறுகிய தகரத்தில் வைத்து அடுத்த வேலைக்குப் பாவியுங்கள். வெறும் பெயின்ற் வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். மழைநீர் தேங்கினால் ஒன்றிரண்டு வாரத்திலேயே டெங்கு நுளம்பு பெருகிவிடும். தரம் பிரித்த பின்னரே லொறியை அழையுங்கள்.