மகன் நாடகத்தில் நடிக்க, ஏஜெண்டுக்கு ‘லைசென்ஸ் பணம்’ கட்டலாமா?

கேள்வி: வயது 28. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். பிள்ளை வளர்க்கும் இளம் அப்பாக்களைப் பற்றிய புது தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றில், ஓர் அப்பாவுக்கு மகனாக நடிக்க என் பையனைக் கேட்கிறார்கள். அவனுக்கு ஏழு வயது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. காலை ஏழரைக்குப் போய் ஒரு மணிக்கு முடிகிறது. இடையில் இருக்கும் ஏஜெண்ட், போட்டோ ஆல்பத்துக்கும் ‘சிறுவர் லைசென்ஸ்’ எடுக்கவும் 1,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். மூன்று வாரத்துக்கு முன் 300 வெள்ளி அனுப்பிவிட்டேன். படப்பிடிப்பு சில நாள் இரவு பதினொன்று வரை போகுமாம். மீதியைக் கட்டலாமா? பையனை அனுப்பலாமா?

பதில்: மீதியைக் கட்டாதீர்கள். பையனை அனுப்புவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த 1,500 வெள்ளி உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது.

லைசென்ஸ் என்ற ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதனால்தான் படித்தவர்கள்கூட இதில் மாட்டிக்கொள்கிறார்கள். 1966ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைச் சட்டப்படி 15 வயதுக்குக் கீழே இருப்பவர் சிறுவர். சிறுவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. நாடகம் போன்ற பொதுக் கேளிக்கையில் நடிக்க வைக்கலாம். ஆனால் தொழிலாளர் இலாகாவின் லைசென்ஸ் வேண்டும். வேறு விலக்குகளும் உண்டு, உங்களுக்கு அவை வேண்டியதில்லை. அந்த லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் பிள்ளையை வேலைக்கு வைப்பவர், அதாவது தயாரிப்பு நிறுவனம். சட்டத்தை மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு வருடம் வரை சிறையோ அவர்கள் தலையில் விழும். அவர்கள் எடுக்க வேண்டிய லைசென்ஸுக்கு நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் என் மேசையில் ஒரு ரசீதை வைத்தார். ‘லைசென்ஸ் கட்டணம் 450’ என்று நீலப் பேனாவில் எழுதி, கீழே ரப்பர் முத்திரை குத்தியிருந்தது. நிறுவனப் பதிவு எண் இல்லை, முகவரி இல்லை. இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பம், மகளின் படங்கள் பன்னிரண்டு. அந்த ஆல்பத்தை எந்த இயக்குநரும் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் வேலையும் வரவில்லை. இத்தனைக்கும் பிள்ளையைத் தேர்ந்தெடுக்க, உங்கள் கைப்பேசியில் வெளிச்சமாக எடுத்த நாலு படமும் ஒரு நிமிட வீடியோவும் போதும். வேலை கொடுப்பவர் நமக்குப் பணம் தர வேண்டியவர். வேலைக்கு முன்னாலேயே நம்மிடம் பணம் கேட்கிறவர் எவராக இருந்தாலும் விலகி நில்லுங்கள். உறவுக்காரர் அறிமுகப்படுத்தினாலும் சரி, கோயில் கமிட்டியில் இருப்பவரானாலும் சரி.

இப்போது நேரம். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து ஒரு நாளில் ஏழு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் மகனுக்குப் பள்ளியிலேயே ஐந்தரை மணி நேரம் போய்விடுகிறது. மிச்சம் ஒன்றரை. பள்ளி நாளில் அதற்கு மேல் அவனைக் கேமரா முன்னால் நிறுத்த முடியாது. விடுமுறை நாளில் ஆறு மணி நேரம், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேர ஓய்வு.

இரவு விஷயத்தைத்தான் எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். இரவு எட்டிலிருந்து காலை ஏழு வரை சிறுவர் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பொதுக் கேளிக்கையில் நடிக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு தடை மட்டும் பொருந்தாது. ஏஜெண்டுகள் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு “நைட் ஷூட்டிங் சட்டப்படி ஓகே” என்பார்கள். அந்த ஒன்றுதான் தளர்ந்தது, மற்றவை அப்படியே நிற்கின்றன. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்க 14 மணி நேர இடைவெளி வேண்டும். இரவு பதினொன்றுக்கு முடித்தால், மறுநாள் மதியம் ஒன்றுக்கு முன் அவனைக் கூப்பிட முடியாது. பள்ளி நாளில் ஏழு மணி நேர வரம்பும் அப்படியே இருக்கும். லைசென்ஸில் போட்டிருக்கும் நிபந்தனைகளும் இதற்கு மேல் உண்டு. மேக்கப் போட்டுக்கொண்டு காத்திருக்கும் நேரத்தையும் வேலையாகவே எண்ணுங்கள். முகத்தில் பவுடரோடு பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கி விழும் பிள்ளைகளை நள்ளிரவில் பார்த்திருக்கிறேன். அது ஓய்வு ஆகாது.

இதையெல்லாம் யார் பெற்றோருக்குச் சொல்கிறார்கள்? லைசென்ஸ் எடுத்திருக்கிறார்களா என்று கேட்கப் போன ஒரு தந்தையைக் கவுண்டரில் “முதலாளியைக் கேளுங்கள்” என்று திருப்பி அனுப்பினார்கள். முதலாளியோ “ஏஜெண்டைக் கேளுங்கள்” என்றார். பிள்ளையைப் பெற்றவனுக்கு ஒரு தாளைக் காட்ட ஏன் இத்தனை அலைச்சல் என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

ஒப்பந்தத்திலும் கவனம். பாதியில் விலகினால் இத்தனை ஆயிரம் நஷ்டஈடு என்று ஒரு வரி இருக்கும். சிறுவர் தன் பெயரில் வேலை ஒப்பந்தம் செய்யலாம், அதை மீறினாலும் அவரிடமிருந்து நஷ்டஈடு வாங்க முடியாது என்று அதே சட்டம் பாதுகாக்கிறது. அதைத் தெரிந்தவர்கள் அப்பாவின் பெயரில், அப்பாவின் கையெழுத்தில் தனித்தாள் வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. நஷ்டஈடு என்ற சொல் இருக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள்.

பையனுக்கு ஆசை இருந்தால் அனுப்புங்கள், நான் தடுக்கவில்லை. ஏஜெண்டை விட்டுவிட்டுத் தயாரிப்பு நிறுவனத்திடம் நேரே பேசுங்கள். அதன் பெயர் நிறுவனங்களைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம் ஆணையத்தின் பதிவில் இருக்கிறதா, திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் உரிமம் உண்டா என்று பாருங்கள். மகன் பெயர் உள்ள லைசென்ஸின் நகலைக் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை படப்பிடிப்புக்குக் கூட்டிப் போக வேண்டாம். போகும் நாளில் நீங்களோ அம்மாவோ அவன் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

அந்த 300 வெள்ளி? “எதற்காக வாங்கினீர்கள், ரசீது எங்கே, திருப்பித் தாருங்கள்” என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். போனில் பேசாதீர்கள், சாட்சி இருக்காது. அவருடைய வங்கிக் கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பாருங்கள். மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்குப் பணம் போன உடனே அழைத்தால்தான் வங்கி அதை நிறுத்திவைக்க வழி உண்டு. மூன்று வாரம் ஆகிவிட்டதால் உங்களுக்கு அது கைகொடுக்காது. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் செந்தூல் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதுங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள்.