ஹெரால்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய வீடுகளை இடிப்பதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்ததிலிருந்து இதைக் கேட்க வேண்டும் என்றிருந்தேன். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டில் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது. 1969 மாடல், மார்க் 3, நான்கு கதவு. அப்பா கண்பார்வை மங்கியதும் ஓட்டுவதை நிறுத்தினார். அவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. வண்டி கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தியபடி கிடக்கிறது. இப்போது வீட்டை விற்கிறோம். காரையும் விற்றாக வேண்டும். புரோக்கர் ஒருவர் வந்து பார்த்தார். டிங்கரிங் செய்து, நல்ல சிவப்பில் பெயிண்ட் அடித்து, வெள்ளை சீட், அலாய் வீல் போட்டால் சினிமாக்காரர்களும் ரிசார்ட்காரர்களும் கொத்திக்கொண்டு போவார்கள் என்கிறார். இப்படியே விற்றால் பாதி விலைகூடத் தேறாதாம். தம்பிக்கு உற்சாகம் தாங்கவில்லை. அலாய் வீல் வாங்கிவிட்டான். அடுத்த வாரம் புது பேட்டரியோடு வந்து ஸ்டார்ட் செய்து பார்க்கப் போகிறான். அம்மா எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்பாவின் நினைவை விற்பதுபோல் இருக்கிறது. விற்கலாமா? என்ன விலை சொல்லலாம்?

வி.

அன்புள்ள வி.,

தாராளமாக விற்கலாம். நினைவை விற்பது என்றெல்லாம் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? இந்த ஒன்பது வருடத்தில் கொட்டகைக்குள் போய், தார்ப்பாயைத் தூக்கி, எலி கூடு கட்டியிருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா? வீடு கைமாறும் நேரத்தில்தான் அப்பாவின் நினைவு பெட்ரோல் வாசனையோடு வருகிறது. உங்களை மட்டும் சொல்லவில்லை, எல்லார் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. ஆயுத பூஜை அன்று சந்தனமும் குங்குமமும், மறுநாளிலிருந்து கோழி அடைய இடம்.

விலையை நான் சொல்லப் போவதில்லை. வண்டியைக் கண்ணால் பார்க்காமல் விலை சொல்கிறவன் உங்கள் புரோக்கரைவிட மோசமானவன்.

கடிதத்தில் என்னை உட்கார விடாமல் செய்தது அந்தச் சிவப்புப் பெயிண்ட். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச காலமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருமுனைச் சாப்பாட்டுக் கடை வாசலில் ஒரு பழைய ஃபியட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு, பானெட்டுக்குள் மண் கொட்டிச் செடி வளர்க்கிறார்கள். வெளியே பளபளவென்று மஞ்சள் பெயிண்ட். வருகிறவர்கள் அதன் மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் கடந்து போகும்போதெல்லாம், நல்லவேளை சித்தப்பா இதைப் பார்க்கவில்லை என்று தோன்றும்.

சித்தப்பா ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் டிங்கரிங் ஷெட் வைத்திருந்தார். பள்ளி விடுமுறை முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். அவரிடம் ஒரு வட்டக் காந்தம் உண்டு, உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கியது. பெயிண்டில் கீறல் விழாமல் இருக்கப் பழைய பனியன் துணியில் அதைச் சுற்றி, வருகிற வண்டியின் கதவடியில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். தகரம் இருக்கும் இடத்தில் காந்தம் கவ்விப் பிடிக்கும். பள்ளத்தையும் ஓட்டையையும் மறைக்கப் பட்டி தடிமனாகப் பூசியிருந்தால் பிடி விட்டுவிடும். அதற்குப் பிறகு அவர் வண்டிக்காரரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டார்.

ஒரு நாள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஹெரால்டு ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். பி.எஃப். பணத்தில் கடன் எடுத்து வாங்கியதாம். கண்ணாடிபோல மின்னும் நீல நிறம். கதவு சரியாகச் சாத்தவில்லை, அதை மட்டும் பார்க்கச் சொன்னார். சித்தப்பா காந்தத்தை எடுத்தார். கதவுக்குக் கீழே, ஏறும்போது கால் படுகிற அந்தப் பட்டையில், காந்தம் நழுவித் தரையில் விழுந்தது. மரச் சுத்தியால் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே தகரமே இல்லை, ஓட்டைதான். இரண்டு விரலை விட்டுச் சுருட்டித் திணித்திருந்த செய்தித்தாளை இழுத்தார். பிரித்துப் பார்த்தால் முந்தைய மாதத்துத் தேதி. வாத்தியார் அந்தத் தாளை வாங்கி, ஓரம் பிசகாமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் மறந்துபோயிருப்பேன்.

விற்பதற்காகப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி வருகிறவர்களைச் சித்தப்பா திருப்பி அனுப்பிவிடுவார். "ஓட்டுகிறவனுக்கு அடிப்பேன், விற்கிறவனுக்கு அடிக்கமாட்டேன்" என்பார். இதனால் அவர் பிழைக்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்கினார். ஆனால் வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

எந்தப் பழைய வண்டிக்கும் இது பொருந்தும். ஆனால் ஹெரால்டில் பட்டி பூசுவது பாவத்தோடு முட்டாள்தனமும் சேர்ந்தது. ஏன் என்று சொல்கிறேன், தம்பியையும் படிக்கச் சொல்லுங்கள். இத்தாலியரான ஜோவான்னி மிகெலோட்டி வடிவமைத்து, 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்த வண்டி இது. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் அடிச்சட்டமும் உடலும் ஒன்றாகச் சேர்ந்த கார்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு டிரையம்புக்கு உடல் செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கார் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்துகொள்ள வழியில்லை. எனவே தனிச் சட்டத்தைப் போட்டு, உடலைத் துண்டு துண்டாகச் செய்து, போல்ட் போட்டு முடுக்கினார்கள். பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிப் பூட்டிக்கொள்ள அது தோதாகவும் இருந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஹெரால்டைத் தயாரிக்கத் தொடங்கியது 1961-இல். இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களுக்கு, அதற்கு ஒரு தலைமுறை முன்பே வண்டலூர்ப் பக்கத்தில் கார் செய்துகொண்டிருந்தது தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹெரால்டில் பானெட் மட்டும் தனியாகத் திறப்பதில்லை. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து வண்டியின் மூஞ்சி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். மெக்கானிக் முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பான். மற்ற பகுதிகளும் போல்டில்தான் நிற்கின்றன. துருப்பிடித்த துண்டைக் கழற்றி, சுத்தம் செய்து, வேண்டிய இடத்தில் நல்ல தகரம் வைத்துத் திரும்பப் பூட்டலாம். அப்படிப்பட்ட வண்டியில் இணைப்பின் மேலேயே பட்டியைப் பூசிப் பெயிண்ட் அடித்தால், பின்னால் வாங்குகிறவன் ஒரு போல்டைத் தளர்த்தினாலும் எல்லாம் பாளம் பாளமாகப் பிளக்கும்.

உங்கள் வண்டி நான்கு கதவு என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு கிடையவே கிடையாது. அது 1960-களின் பிற்பகுதியில் நம் ஊருக்காக இங்கேயே செய்தது. இரண்டு கதவு வண்டியில் வீட்டுப் பெரியவர்கள் முன்சீட்டை மடக்கிக் குனிந்து ஏற முடியுமா? டிரையம்ப் ஹெரால்டுக்கு எஞ்சின் சாமான், பிரேக் சாமான் எல்லாம் இன்றும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், அங்கே பிரியர்கள் அதிகம். உங்கள் பின்கதவு இரண்டை மட்டும் எந்த நாட்டிலும் வாங்க முடியாது. சென்னைத் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றதே 1988-இல். அந்தக் கதவுகளைத்தான் டிங்கர் சுத்தியால் அடித்து, வெட்டி, பட்டி பூசிச் சிவப்பாக்கப் போகிறார்கள். தெரிந்தவன் யாராவது வாங்க வந்தால் முதலில் அந்தக் கதவின் உள்விளிம்பைத்தான் பார்ப்பான். அங்கே கம்பெனி நிறம் மங்கலாகவாவது இருந்தால் வண்டியின் மற்ற குறைகளை அவன் பொறுத்துக்கொள்வான். சிவப்பைப் பார்த்தால், இன்னும் எதையெல்லாம் மூடியிருக்கிறார்கள் என்று தேட ஆரம்பிப்பான். ரிசார்ட்காரனுக்குக் கவலையில்லை, அவன் செடி வைப்பான்.

எனவே தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். பாலிஷ்கூட வேண்டாம். கிழிந்த சீட் கிழிந்தபடி இருக்கட்டும். துருவை வெளிச்சத்தில் காட்டி, இங்கே துரு இருக்கிறது என்று சொல்லி விற்றுவிடுங்கள். கொட்டகையில் தகர டப்பாவில் போல்ட், விளக்கு வளையம், உடைந்த கைப்பிடி எது கிடந்தாலும் காயலான் கடைக்குப் போகவிடாதீர்கள். அப்பா சேர்த்துவைத்த ஒர்க்ஷாப் பில்கள் இருந்தால் அவற்றையும் வண்டியோடு கொடுங்கள்.

தம்பியின் பேட்டரிக்கு வருகிறேன். வேண்டவே வேண்டாம். இத்தனை வருடம் நின்ற வண்டியின் டேங்கில் பெட்ரோல் பிசினாகியிருக்கும், அதற்கடியில் துரு. சாவியைத் திருப்பினால் அது கார்புரேட்டர்வரை போய் உட்காரும். பிஸ்டன் வளையங்கள் எஞ்சின் சிலிண்டரின் உட்சுவரோடு ஒட்டியிருந்தால் உடையும். வயரை எலி கடித்திருந்தால் கொட்டகையே பற்றிக்கொள்ளும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, சில நாள் ஊறவைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியைக் கையால் மெல்லத் தள்ளிப் பார்க்கட்டும். எஞ்சின் சுற்றினால் அதுவே வாங்குகிறவருக்குப் போதிய செய்தி. பிரேக் இருக்காது, வீல் சிலிண்டர்கள் இறுகியிருக்கும். எனவே சரிவில் தள்ள வேண்டாம். உங்கள் அப்பாவின் மெக்கானிக் உயிரோடு இருந்தால் அவரைக் கூட்டி வாருங்கள். அவரைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை.

காகித வேலை. ஆர்சி புத்தகம் அப்பா பெயரில்தான் இருக்கும். வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து முதலில் உங்களில் ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லையென்று எழுதித் தரவேண்டும். பிறகு விற்கும்போது படிவம் 29, 30. இறந்தவர் கையெழுத்தைப் போட்டு விற்றுவிடலாம் என்று புரோக்கர் சொல்வார், எல்லாப் புரோக்கர்களும் சொல்வார்கள். வெளியே போ என்று சொல்லுங்கள். உங்கள் வண்டிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, உருமாற்றம் செய்யாத ஐம்பது வயது வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம், பழைய எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. சட்டமே பழைய உருவத்தைக் கேட்கிறது, பாருங்கள். நான் சித்தப்பாவை இழுத்ததெல்லாம் வீண்.

அம்மா எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவரிடம் கேட்டீர்களா, அல்லது தம்பி அலாய் வீலைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் இருந்தாரா? அந்த வண்டியில் அவர் உங்களுக்கு முன்பிருந்தே உட்கார்ந்திருக்கிறார். யாருக்குக் கொடுக்கலாம் என்று அவரிடம் தனியாகக் கேளுங்கள். விற்க வேண்டாம் என்று அவர் சொல்ல மாட்டார் என்றே நினைக்கிறேன். யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் அவருக்கு நிச்சயம் ஒரு கருத்து இருக்கும்.

தம்பி வாங்கிய அலாய் வீலுக்கு பில் இருக்கிறதா? இருந்தால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்கிறாரா என்று இந்த வாரமே விசாரிக்கச் சொல்லுங்கள்.