அந்தக் காலத்தில் எல்லாரும்

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியில் வசிக்கிறேன். ஐந்தாவது படிக்கும் என் மகளுக்கு ‘நம் ஊரும் ஓர் அதிபரும்’ என்று பள்ளியில் ஒரு போஸ்டர் செய்யச் சொன்னார்கள். 1776 கிறிஸ்துமஸ் இரவில் வாஷிங்டன் டெலாவேர் ஆற்றைக் கடந்து ட்ரெண்டனை வென்ற கதையை எடுத்துக்கொண்டோம். அப்படியே பிலடெல்பியாவில் அவர் வாழ்ந்த வீடு இருந்த இடத்துக்கும் போனோம். அங்கே சுவரில் செதுக்கியிருந்த ஒன்பது பெயர்களைக் காட்டி, “இவங்க யாருப்பா?” என்றாள். அவருடைய அடிமைகள் என்றேன். “நல்லவர்னு சொன்னீங்களே?” என்றாள். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருக்கும் விடுதலை மணியைக் காட்டக் கூட்டிப்போனேன். நான் சொன்னது சரிதானா? அடிமை வைத்திருந்த தலைவர்களின் சிலைகளை அகற்றுவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்? அமெரிக்க வரலாற்றுக்குத் தமிழில் நல்ல நூல்கள் உண்டா?

ர.

அன்புள்ள ர,

சிலைகளைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். நூல்பட்டியலும் அப்புறம். உங்கள் மகளின் கேள்வியைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு நேராகக் கேட்டிருக்கிறாள்! அதை இப்படி மூடிவிட்டீர்களே என்று கோபமும் வந்தது.

எல்லாரும் அப்படித்தானா? பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலம் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் போட்டது 1780இல். வாஷிங்டன் அந்த வீட்டுக்கு வந்தது 1790இல். வெளி மாநிலத்தவர் கொண்டுவந்த அடிமை ஆறு மாதம் தொடர்ந்து அங்கே இருந்தால் விடுதலை கேட்கலாம். அதனால் ஆறு மாதம் நிறைவதற்குள் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்ள ஏற்பாடானது. அவர்களுக்கும் பொதுமக்களுக்கும் உண்மை தெரியாதபடி ஏதாவது சாக்குச் சொல்லி இதைச் செய்யவேண்டும் என்று 1791 ஏப்ரலில் தன் செயலருக்கு வாஷிங்டனே எழுதினார். எல்லாரும் செய்வதுதான் என்றால் எதற்கு ஒளிக்கவேண்டும்? அது தவறு என்று சொல்பவர்கள் அதே ஊரில், அதே தெருக்களில் இருந்தார்கள். அவருக்கும் அது தெரியும்.

அதைவிட, அந்த ஒன்பது பேரும் அந்தக் காலத்து ஆட்கள்தானே? நீங்கள் சொன்ன ‘எல்லாரும்’ என்பதில் அவர்கள் இல்லையே!

அவர்களில் ஒருத்தி ஓனா ஜட்ஜ். அதிபரின் மனைவி மார்த்தாவுக்குத் துணி தைத்து, உடுத்திவிட்டு, கூடவே இருந்த பெண். மார்த்தாவின் பேத்திக்குத் தன்னைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796 மே 21 அன்று, வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே நடந்துவிட்டாள். மூன்றாம் நாள் தேதியிட்டு விளம்பரம் வந்தது. முகத்தில் நிறையப் புள்ளிகள், கன்னங்கரேலென்ற கண்கள், அடர்ந்த கறுப்பு முடி, பிடித்துத் தந்தால் 10 டாலர். அவள் முகம் நமக்குக் கிடைத்திருப்பது அவளைப் பிடிப்பதற்காக எழுதிய அந்த வரிகளில்தான். ஓடிப்போக ஒரு முகாந்திரமும் இல்லை என்றும் அதில் இருக்கிறது. ஐம்பது வருடம் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் அவளைத் தேடிப்போய்க் கேட்டவர்களிடம், வாஷிங்டனின் சொந்த மாநிலமான வர்ஜீனியாவுக்குத் திரும்பிப் போனால் விடுதலை கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்தது என்றாள். அங்கே பட்ட கஷ்டத்துக்கு வாஷிங்டன் வீட்டைவிட்டு வந்ததில் வருத்தமில்லையா என்றதற்கு, இல்லை, நான் சுதந்திரமானவள் என்றாள். 1848இல் சாகும்வரை சட்டப்படி அவள் ஓடிப்போன அடிமைதான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் கணக்கு நோட்டு நினைவுக்கு வரும். கடன் வாங்கியவர்கள், கடைக்காரர், கோயில் வரி எல்லாம் பேரோடு இருக்கும். அறுப்பு நாட்களில் மட்டும் ‘ஆள் 4, பெண்ணாள் 6’. யார் இவர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்து இரண்டு பேரைச் சொன்னாள். ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். மற்றவர்களைச் சொல்ல ஊரில் யாரும் மிச்சமில்லை. உள்ளூர் வரலாறு என்பது எனக்கு அன்றைக்குத் தொடங்கியது.

நீங்கள் பார்த்த இடத்தில் நெடுநாள் ஒரு பொதுக் கழிப்பறை இருந்தது, தெரியுமா? அந்த வீட்டில் அடிமைகள் வாழ்ந்ததை ஊர்க்காரர்கள் விடாமல் எடுத்துச்சொல்லிப் போராடினார்கள். 2007இல் தோண்டியபோது சமையலறையின் அடித்தளம் வெளிப்பட்டது. 2010இல்தான் இன்றுள்ள நினைவிடம் திறந்தது. கண்ணாடிக்குக் கீழே அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். மணியைப் பார்க்க அவசரப்பட்ட உங்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

மகளை மறுபடி கூட்டிப்போங்கள். அந்த விளம்பரத்தை அவளே உரக்கப் படிக்கட்டும். நல்லவரா கெட்டவரா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லவேண்டாம், அவள் யோசிப்பாள். போஸ்டருக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. ஓனாவையும், அந்த ஒன்பது பேரில் இன்னொருவரான கிறிஸ்டோபரையும் மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோக மார்த்தா போட்ட திட்டத்தைச் செயலர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். சும்மா ஒரு பயணம் போய்வருவதுபோல, அதே டெலாவேருக்கு அந்தப் பக்கம், உங்கள் ட்ரெண்டனுக்குத்தான். படகுப் படத்துக்குக் கீழே இடம் மிச்சமிருந்தால் 1791 என்றும் எழுதச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.