மெட்டாலிக் நூலில் குயில்ட் தைக்க மெஷின் டென்ஷனை எந்த எண்ணில் வைப்பது?

கேள்வி இதுதான்: தீபாவளிக்குச் சுவரில் மாட்ட ஒரு குயில்ட் (துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் பஞ்சு வைத்துத் தைப்பது). மேல் தையலுக்குத் தங்க நிற மெட்டாலிக் நூல் போட்டால் ஒரு சாண் ஓடியதும் அறுந்துவிடுகிறது. டென்ஷனை (மேல் நூலின் இறுக்கத்தை) 4-இலிருந்து 3-க்கு இறக்கியும் அதே கதை. சரியான எண் எது?

என் மெஷினில் இந்த நூலுக்கு 1-க்கும் 2-க்கும் நடுவில்தான் வைப்பேன். ஆனால் அந்த எண்ணை அப்படியே உங்கள் மெஷினில் வைத்தால் அறுவது நின்றுவிடும் என்று சொல்லமாட்டேன். டயலில் இருப்பது டென்ஷனில் ஒரு பங்குதான். நூல்கட்டை, கொக்கிகள், ஊசிக் காது என்று நூல் உரசுகிற ஒவ்வொரு இடமும் தன் பங்குக்கு இழுக்கிறது. அதையெல்லாம் குறைத்துவிட்டு டயலுக்கு வாருங்கள். அப்போதுதான் எண்ணுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

இந்த நூலின் உள்ளே நைலான் அல்லது பாலியெஸ்டர் இழை. அதன்மேல் மெல்லிய உலோகப் பூச்சுள்ள தகடு சுற்றியிருக்கும். மெஷின் ஒவ்வொரு தையலுக்கும் நிறைய நூலைக் கீழே இழுத்து, அதில் பெரும்பகுதியைத் திரும்ப மேலே எடுத்துக்கொள்ளும். அதனால் நூலின் ஒரே இடம், துணியில் போய் உட்காருவதற்குள் ஊசிக் காதில் பல தடவை போய்வருகிறது. காட்டன் நூலுக்கு அது பெரிய விஷயமில்லை. இதில் தகடு உரிந்து, காதின் பக்கம் சுருண்டு, அப்புறம் அறுகிறது.

ஆகவே முதலில் ஊசியை மாற்றுங்கள். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா, துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைப் பக்கம் தையல் சாமான் வாங்கப் போனால் உறையில் 'மெட்டாலிக்' அல்லது 'டாப்ஸ்டிச்' என்று போட்ட 90/14 ஊசி கேளுங்கள். இரண்டுக்கும் காது நீளம், நூல் தாராளமாகப் போகும். சில வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பிடிக்கப் பழைய ஊசியையே ஓட்டினால், அதைவிட விலையான நூல்தான் வீணாகும். தையல் அளவை 3 மி.மீ. பக்கம் வையுங்கள், வேகத்தைப் பாதியாக்குங்கள். தையல் நீளமானால் நூல் காதில் போய்வரும் தடவையும் குறையும்.

அடுத்தது நூல்கட்டை. தட்டையான, ரிப்பன் மாதிரியான நூலாக இருந்தால் கட்டை நின்றபடி சுழன்று நூலை விட வேண்டும். படுத்த கட்டையின் நுனி வழியாக உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். முறுக்கிய வகை நூலென்றால் தனி ஸ்டாண்டில் மாட்டி மெஷினுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி வையுங்கள். வரும் வழியிலேயே சுருள் நிமிர்ந்துவிடும். ஊசிக்கு மேலே இருக்கிற கடைசிக் கொக்கியில் மாட்டாமல் விட்டும் பார்க்கலாம், எனக்கு அது உதவுகிறது.

பாபினில் (அடி நூல் சுற்றும் சிறு உருளையில்) மெட்டாலிக் வேண்டாம். மெல்லிய பாலியெஸ்டர் நூல், 60 எண் அளவில், தங்க நிறத்துக்கு நெருக்கமாகப் போடுங்கள்.

இப்போது டயல். ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை) தூக்கிவைத்து நூலைக் கோர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் இறங்காது. அதே துணி, அதே பஞ்சு, அதே அடித்துணி மூன்றையும் அடுக்கி ஒரு துண்டு செய்துகொண்டு, 3-இலிருந்து அரை அரையாக இறக்கி ஒவ்வொரு எண்ணிலும் ஒரு கோடு ஓட்டுங்கள். மேலே பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூல் இன்னும் இறுக்கம். அடியில் தங்க நூல் வளையமாகத் தொங்கினால் அளவுக்கு மீறித் தளர்ந்துவிட்டது. சுவரில் மாட்டுகிற வேலைதானே, அடியில் தங்கம் லேசாக எட்டிப் பார்க்கிற எண்ணிலேயே நிறுத்திவிடுவேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர வேண்டும் என்று இந்த நூலோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. அறுவதும் நிற்கவில்லை, அடியில் வளையமும் விழுகிறது என்றால் மட்டும் பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸின் திருகைத் தொடுங்கள். முதலில் அது இருக்கும் நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் மிகக் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

என் அத்தையின் மிதி மெஷினில் டென்ஷன் திருகுக்கு எண்ணே கிடையாது. ஃபுட்டை இறக்கி, நூலைக் கையால் இழுத்துப் பார்த்துத்தான் திருகுவார். நீங்களும் சாதாரண நூலை ஒருமுறை அப்படி இழுத்துப் பாருங்கள், பிறகு மெட்டாலிக்கை. கைக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

குயில்ட்டில் பழைய பட்டுப்புடவை பார்டரோ சொங்கெட் (மலாய் ஜரிகைத் துணி) துண்டோ சேர்க்கிறீர்களா என்று சொல்லவில்லை. சேர்த்தால் அந்த இடத்தில் தங்கத் தையல் ஓட்டாதீர்கள். நெய்த ஜரிகையும் தைக்கிற நூலும் ஒன்றையொன்று அறுத்துக்கொள்ளும், சொங்கெட்டின் மிதக்கும் இழைகளை ஊசி இழுத்தும்விடும். ஓரமாகத் தைத்தாலே போதும். ஆரி வேலைக்கென்று விற்கிற தடித்த ஜரிகையையும் ஊசியில் கோர்க்க வேண்டாம். அது வேண்டுமென்றால் துணிமேல் கிடத்தி, கண்ணுக்குத் தெரியாத நூலால் ஜிக்ஜாக் போட்டுப் பிடித்துவிடலாம்.

வளைவுகளை ஃப்ரீ மோஷனில் (துணியைக் கையாலேயே நகர்த்தி) தைக்கிறீர்கள் என்றால், துணியைப் பின்னோக்கி இழுக்கும் இடத்தில்தான் அதிகம் அறும். முதல் வேலைக்கு நேர்கோடும் பெரிய வளைவும் போதும்.

இத்தனைக்கும் பிறகு அறுந்தால் அறுந்த நுனியைப் பாருங்கள். தகடு உரிந்து உள்ளிழை பிசிறாக நின்றால் ஊசியும் வேகமும்தான் காரணம். வெட்டினாற்போல் சுத்தமாக இருந்தால் டென்ஷனை இன்னும் அரை எண் இறக்குங்கள், நூல் கட்டையில் எங்காவது சிக்குகிறதா என்றும் பாருங்கள். எந்த வகை என்று மெஷின் மாடலோடு கீழே எழுதுங்கள், அதற்கேற்பச் சொல்கிறேன்.