ஒளியும் சட்டமும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் மகன் அழைத்துச் சென்ற புகைப்படக் கண்காட்சியில், ஏற்காடு ஏரியில் விடிகாலையில் எடுத்த படம் ஒன்றை எல்லோரும் நின்று பாராட்டினார்கள். கீழ்மூலையில் சிறியதாக ஒரு படகு. மீதியெல்லாம் வெறும் மூடுபனி. "முக்கால் படம் காலியாக இருக்கிறதே" என்று கேட்டதற்கு, "உனக்குப் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டான். இத்தகைய படங்களை எப்படிப் பார்க்க வேண்டும்?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: மகன் அவசரப்பட்டுவிட்டார். தாங்கள் கவனித்ததுதான் அந்தப் படத்தில் கவனிக்க வேண்டியதே. தறிச் சத்தத்தோடு விடியும் அம்மாப்பேட்டையில் இருப்பவருக்கு இதை விளக்குவது எளிது. உடல் முழுவதும் வேலைப்பாடு நிறைந்த பட்டுச்சேலையில் எந்தப் புட்டாவும் தனியாகக் கண்ணில் நிற்பதில்லை. வெற்று உடலில் தள்ளித் தள்ளி விழுந்த புட்டாதான் நிற்கிறது. படகைச் சுற்றியுள்ள மூடுபனிக்கும் அதே வேலைதான்.

நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 'ட' வடிவத்தில் இரண்டு துண்டுகளை வெட்டி, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி எதிரெதிராக வைத்தால், விரிக்கவும் சுருக்கவும் கூடிய ஒரு சட்டம் கிடைக்கும். அதைப் படத்தின் பிரதி மேல் வைத்து, படகு நடுவில் வரும்வரை மூடுபனியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். படகு பெரிதாகத் தோன்றும். ஆனால் ஏரி குளமாகிவிடும், படகு எங்கே போகிறது என்ற கேள்வியும் எழாது. எதையும் இழக்காமல் குறைக்க முடிந்தால், தங்கள் சந்தேகமே சரி. எடுத்தவர்தான் கோட்டைவிட்டார் என்று தயங்காமல் சொல்லலாம்.

எந்தப் படத்திலும் நடுவைப் பார்க்கும் முன் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பார்ப்பது என் வழக்கம். ஓவியர் வெற்றுத் துணியில் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். புகைப்படக்காரரோ ஏற்கெனவே நிறைந்து கிடப்பதிலிருந்து விலக்க வேண்டியிருக்கிறது, எதை விலக்கினார் என்பதை ஓரங்கள்தான் காட்டிக்கொடுக்கும். பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1932-இல் பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் எடுத்த புகழ்பெற்ற படத்தில், தேங்கிய நீரைத் தாண்டும் ஒருவரின் குதிகால் நீரைத் தொடுவதற்கு மயிரிழை தூரமே இருக்கிறது. பின்னால் சுவரொட்டியில் ஒரு நடனக்காரியின் உருவம் அவருக்கு எதிர்த்திசையில் தாவுகிறது. அதையும் நீரில் விழும் அவருடைய நிழலுருவையும் சேர்த்துப் பார்த்தால்தான் படத்தின் அமைப்பு விளங்கும். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தில் பலகையும் விழுந்திருந்தது. தம் படங்களை வெட்டுவதை அறவே விரும்பாத அவரே இந்தப் படத்தை வெட்டினார்.

படகு மூலையில் இருப்பதற்கு 'மூன்றில் ஒரு பங்கு விதி' (படத்தைக் குறுக்கும் நெடுக்கும் மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் அல்லாமல் அந்தக் கோடுகளை ஒட்டி வைப்பது) என்று மகன் காரணம் சொல்லக்கூடும். அந்தப் பெயரை 1797-இல், இயற்கைக் காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதும்போது வழங்கியவர் ஆங்கிலேய ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித். புகைப்படம் என்ற ஒன்று அப்போது புழக்கத்திலேயே இல்லை. பழகுபவருக்கு அது ஒரு கைத்தடி, அவ்வளவே.

கேள்வி: காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே மூடுபனி இறங்கும்போது வெண்மையாக இருக்கிறது, படத்திலோ அடுப்புச் சாம்பல்போல் மங்கிவிடுகிறது. கேமராவின் குறையா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கேமரா தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறது. எதிரே இருப்பது எதுவானாலும், அது ஏறத்தாழ 18 விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு, அதன் ஒளிமானி கணக்கிடுகிறது. மூடுபனி அதைவிட வெளிச்சமானது. ஆகவே கேமரா அதை அமுக்கிச் சாம்பலாக்குகிறது. எக்ஸ்போஷர் திருத்தத்தை, அதாவது படத்துக்குள் விழும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கேமரா அமைப்பை, +1 அல்லது +1.5 அளவுக்கு உயர்த்துங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறை, கருமையிலிருந்து வெண்மைவரை 0 முதல் 10 வரையிலான படிகளைக் கொண்டது. ஒளிமானி காட்டுவது 5-ஆம் படி, தங்கள் மூடுபனி இருக்க வேண்டியது 6-க்கும் 7-க்கும் இடையில்.

மிளகுக் கொடி படர்ந்த ஒரு மரத்தை அருகில் கருமையாக நிறுத்திக்கொண்டால், அடுத்தடுத்த மரங்கள் வெளுத்துக்கொண்டே போவது ஆழத்தைக் காட்டும். இன்னொன்று: ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் எடுக்க வேண்டாம். குளிர்ந்த லென்ஸில் ஈரம் படிந்து, சேர்வராயன் கோயில் அருகே நான் ஒரு விடியற்காலையையே இழந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பட்டறையின் வெள்ளிக் கொலுசுகளைப் படமெடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றினால் கலைப்படம் ஆகிவிடுமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: ஆகாது, ஆனால் வெள்ளிக்கு நிறத்தால் பெரிய பயன் இல்லை என்பதால் தங்கள் எண்ணம் சரியான திசையில்தான் இருக்கிறது. மாம்பழக் கூடையை அப்படி மாற்றினால் மாம்பழமே காணாமல் போய்விடும். அமெரிக்கரான எட்வர்டு வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலொன்றின் வாய்க்குள் வைத்துப் படமெடுத்தார். புனலின் உட்புறம் ஒளியை எல்லாப் பக்கமும் திருப்பிவிட, நெளிவுகள் தசைபோல் திரண்டு தெரிந்தன. லென்ஸின் ஒளித்துளையை மிகச் சிறிதாக்கியதால் எக்ஸ்போஷருக்குச் சில நிமிடங்கள் தேவைப்பட்டன.

கொலுசுக்கு வெள்ளைச் சார்ட் தாளைச் சுருட்டி அத்தகைய கூடு ஒன்றைச் செய்து, லென்ஸ் நுழைய ஒரு துளை மட்டும் விடுங்கள். வெள்ளி தன்னைச் சுற்றியிருப்பதையே காட்டும். தாள் இல்லாவிட்டால் கொலுசில் தங்கள் சட்டையும் டியூப்லைட்டும்தான் தெரியும். முழுவதும் வெண்மையானால் ஓரம் கரைந்துவிடும் என்பதால், கூட்டின் உள்ளே இருபுறமும் விரல் அகலக் கறுப்புத் தாளை ஒட்டுங்கள். ஒவ்வொரு முத்தின் விளிம்பிலும் மெல்லிய கருங்கோடு விழும்.