மருந்துப் பெட்டி

அன்புள்ள அண்ணா,

மிசிசாகாவில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், இரண்டு வருடங்களுக்கு முன்னர்தான் கனடியக் குடியுரிமை கிடைத்தது. பூர்வகுடிகளுடனான நல்லிணக்கத்துக்கும் அவர்களுடைய சுகாதாரச் சமத்துவத்துக்கும் எங்கள் நிறுவனம் உறுதி பூண்டிருப்பதாக அறிவித்திருக்கிறது. செப்டெம்பர் 30 அன்று எல்லோரும் செம்மஞ்சள் சட்டை அணிகிறோம். கூட்டம் தொடங்கும்போது இது யாருடைய நிலம் என்று வாசிக்கிறார்கள். மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் உண்டு. அதற்கான குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இதெல்லாம் உண்மையா, விளம்பரமா? ‘நல்லிணக்கம்’ என்ற சொல்லைக் கேட்டாலே ஊரில் வந்துபோன ஆணைக்குழுக்கள் நினைவுக்கு வருகின்றன. ஆனாலும் நாமும் நிலத்தை இழந்தவர்கள் என்பதால் அவர்களுடைய வலி நமக்குத்தானே நன்றாகப் புரியும்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு பெட்டியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சட்டையை அணியுங்கள். 1973இல் ஆறு வயதுப் பூர்வகுடிச் சிறுமி ஒருத்தி, பாட்டி வாங்கிக் கொடுத்த புதுச் செம்மஞ்சள் சட்டையோடு, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவைத்த விடுதிப் பள்ளி ஒன்றுக்குப் போனாள். முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அவளை நினைத்து அணிந்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. புலமைப்பரிசிலும் நல்லதுதான். ‘நல்லிணக்கம்’ சரியான சொல்லா என்ற ஆராய்ச்சி இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபத்தைத் தந்தது. நமக்குத்தான் நன்றாகப் புரியும் என்று யார் சொன்னது? நீங்கள் வேலை செய்யும் நகரத்தின் பெயரே ஒரு குடியின் பெயர். அந்தப் பெயருக்குரிய கிரெடிட் மிசிசாகா மக்கள் இன்று ஹாகர்ஸ்வில் பக்கம் ஒரு சிறு நிலத்தில் இருக்கிறார்கள். ஒருமுறையாவது அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா? செத்த வீட்டுக்குப் போய் நம் வீட்டுச் சாவைப் பற்றிப் பேசக் கூடாது என்று நமக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள். அவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் நமக்கு முதல் வேலை.

நீங்கள் குடியுரிமை எடுத்தபோது சொன்ன உறுதிமொழியை மறுபடி எடுத்து வாசியுங்கள். 2021இல் அதை மாற்றினார்கள். பூர்வகுடிகளின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் ஏற்று உறுதிசெய்யும் அரசமைப்பைப் பின்பற்றுவேன் என்று உங்கள் வாயால் சொல்லியிருக்கிறீர்கள். என் காலத்தில் அந்த வரி இல்லை. உங்களுக்கு இருந்தது. ஒப்பந்தம் என்றால் என்ன ஒப்பந்தம் என்று அன்று யாரிடமாவது கேட்டீர்களா?

1876இல் இன்றைய சஸ்காச்சுவான் மாகாணத்தில், கார்ல்டன் கோட்டையிலும் பிட் கோட்டையிலும் கிரீ என்னும் பூர்வகுடி மக்களின் தலைவர்கள் பிரித்தானிய அரசியின் ஆணையாளர்களோடு பேச உட்கார்ந்தார்கள். காட்டெருமை மறைந்துகொண்டிருந்தது. ஆறு வருடங்களுக்கு முன்னர்தான் பெரியம்மை அந்தச் சமவெளியைத் துடைத்துப்போட்டிருந்தது. பிள்ளைகளைப் புதைத்த கை காயாத மனிதர்கள் அவர்கள். நிலத்தைப் பற்றிய பேச்சின் நடுவே மருந்து வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அரசின் முகவர் ஒவ்வொருவரின் வீட்டிலும் இம்மக்களின் பயனுக்காக ஒரு மருந்துப் பெட்டி வைக்கப்படும் என்று, அங்கே செய்துகொண்ட ஆறாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. நான் சொன்ன பெட்டி இதுதான்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் பிறகு வழக்கு. 1935இல் ஒரு நீதிமன்றம், தேவையான மருந்து எல்லாவற்றையும் அரசு இலவசமாகத் தரவேண்டும் என்றது. 1966இல் சஸ்காச்சுவான் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெட்டி என்றால் பெட்டிதான், முகவர் வீட்டில் ஒரு பெட்டி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் களிம்பும் கட்டுத்துணியும் வைக்க ஒரு பெட்டிக்காகவா நிலத்தைப் பங்கிடச் சம்மதித்திருப்பார்கள்? நோய் மாறும், மருந்தும் மாறும், கொடுத்த வாக்கு மாறாது என்றுதான் அந்த மக்கள் இன்றுவரை சொல்லிவருகிறார்கள். எனக்கு அதில் துளியும் ஐயம் இல்லை.

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு வாங்கியதைத் திருப்பித் தருவது என்றும் பொருள், செய்தே ஆகவேண்டிய கடமை என்றும் பொருள். நேர்த்திக்கடன் என்கிறோம், காலைக்கடன் என்கிறோம். அந்த மக்களுக்கு மருந்து போய்ச்சேர வேண்டும் என்பது இந்த நாடு பட்ட கடன். அந்த நாட்டிலேயே மருந்து விற்று வாழும் நிறுவனம், தன் பெருந்தன்மையால் ஏதோ கொடுப்பதுபோல ‘உறுதி பூண்டோம்’ என்று எழுதுவதுதான் என்னை உறுத்துகிறது.

பூர்வகுடிகள் மருந்துக்காரர்களை நம்பாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. 1948 முதல் 1952 வரை ஆறு விடுதிப் பள்ளிகளில், சத்துக்குறைவால் வாடிய ஏறக்குறைய 1,000 பிள்ளைகளை வைத்து அரசின் ஆதரவோடு பரிசோதனை நடந்தது. சிலருக்குச் சத்து மாத்திரை, சிலருக்கு இல்லை. முடிவு குழம்பிவிடும் என்று பல் வைத்தியத்தைக்கூட நிறுத்திவைத்தார்கள். பசித்த பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

1991 குளிர்காலத்தில் நான் வின்னிபெக்கில் ஒரு மருந்துக்கடையில் தரை கூட்டிக்கொண்டிருந்தேன். வடக்கே வெகுதூரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு கிரீ மூதாட்டி இன்சுலின் வாங்க வந்திருந்தார். அவருக்கான செலவை மத்திய அரசின் திட்டம் ஏற்கும். கடைக்காரர் அவருடைய அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தொலைபேசினார். உட்காரச் சொன்னார். அவருக்குப் பின்னால் காப்புறுதி அட்டையோடு வந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்று மணி நேரம் அவர் அந்த நாற்காலியில் இருந்தார். குப்பி கைக்கு வந்ததும் ஒரு கம்பளித் துணியில் சுற்றி, மேலங்கியைத் திறந்து, நெஞ்சோடு வைத்துப் பொத்தான்களைப் பூட்டினார். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். வெளியே உறைபனி. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் துடைப்பத்தோடு நின்றேன்.

இன்சுலின் 1921இல் நீங்களும் நானும் வாழும் இந்த ரொறன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்குக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட மருந்துதான் அந்த அம்மாவை மூன்று மணி நேரம் காக்கவைத்தது.

உங்கள் குழுவில் ஒன்றே ஒன்று கேளுங்கள். நம் நிறுவனத்தின் மருந்துகளில் எவை பூர்வகுடிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன? எவற்றுக்கு முன் அனுமதி வேண்டியிருக்கிறது? அந்த அனுமதி இல்லாமல் கிடைக்கச் செய்ய, அரசோடான விலைப் பேச்சில் நாம் எதை விட்டுக்கொடுத்தோம்? செம்மஞ்சள் சட்டையோடு வரும் நாளிலேயே கேளுங்கள், குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா