சிறை சென்ற பின் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் கலைவாழ்வு முடிந்துவிட்டதா?

இல்லை. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி 1947-இல் விடுதலையான இருவரில், மீள முடியாமல் போனவர் பாடகர்-நடிகர் தியாகராஜ பாகவதர்தான். என்.எஸ். கிருஷ்ணன் எழுந்துவிட்டார். பாகவதரைப் போல அழகையும் குரலையும் மட்டும் நம்பியிருந்தவர் அல்லர் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். நாகர்கோவிலில் வில்லுப்பாட்டு, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு, 1930-களின் நடுவில் சினிமா என்று வளர்ந்த அவரிடம் சரக்கு நிறைய இருந்தது.

‘நல்லதம்பி’ படத்தில் (1949) நந்தனார் கதையை மாற்றி அவர் பாடிச் சொல்லும் கிந்தனார் காலட்சேபத்தைக் கேளுங்கள். நந்தனார் சிதம்பரத்துக்கு ஏங்கினார்; கிந்தனோ பட்டணத்துப் படிப்புக்கு ஏங்கி ரயில் ஏறுகிறான். காலட்சேபம் செய்பவர்களின் பாணி அப்படியே இருக்கும், அடி விழுவதோ சாதிக்கு! ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) இரண்டையும் அவரே இயக்கினார். உடன் நடித்த மனைவி டி.ஏ. மதுரம் இல்லாமல் அவருடைய நகைச்சுவை பாதிதான். 1957-இல், ஐம்பது வயதுகூட நிரம்பாமல் காலமானார்.